அப்டேட் செய்த பிறகு லாக்கருக்குள்ளேயே பேட்டரி தீர்ந்துபோகிறது

பிறைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது ஆண்ட்ராய்டு கைப்பேசி, வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு இரவு, பெரிய அப்டேட் வந்திருக்கிறது என்று மூன்றாவது முறையாக நச்சரித்தது. தொலையட்டும் என்று சம்மதம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலை ஏழு முதல் இரவு ஏழு வரை. கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. இரும்பு லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அங்கியும் முகமூடியும் மாட்ட வேண்டும். முன்பெல்லாம் காலையில் 95 சதவீதத்தோடு வைத்தால் இரவில் 80க்குக் குறையாது. இப்போது 20, 22 என்று நிற்கிறது. நேற்று 9. ஓய்வு நேரத்தில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதைத் தவிர, பன்னிரண்டு மணி நேரம் யார் கையும் படாத சாமான்! எடுத்துப் பார்த்தால், அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த தோசை மாதிரிச் சுடுகிறது.

பஸ் கடல் பாலத்தைக் கடந்து, அக்கரையில் நான் இருக்கும் பிறைக்கு வந்துசேர, நெரிசல் நாளில் எட்டரை ஆகிவிடும். வீட்டுக்குப் பேச அந்த நேரம்தான் உண்டு. நேற்று நடுப்பாலத்தில், "பாப்பா இன்னும்..." என்று அம்மா ஆரம்பித்தார், அணைந்துவிட்டது. இன்னும் என்ன? டியூஷனிலிருந்து வரவில்லையா? கீழே கடல், முன்னால் லாரி, பக்கத்து இருக்கையில் தூங்கும் தோழி. வீடு போய்ச் சேரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. பாப்பா இன்னும் சாப்பிடவில்லையாம்.

கடையில் காட்டினேன். கவரைக்கூடக் கழற்றாமல், "பேட்டரி போய்விட்டது, 150 வெள்ளி" என்றார் கடைக்காரர். ஞாயிறு வரை நன்றாக இருந்த பேட்டரி திங்களன்று எப்படிச் செத்துப்போகும்? பழைய மென்பொருளுக்கே திரும்ப வழி இருக்கிறதா?

கெடா தம்பி:
எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள் அக்கா. எனக்கும் இப்படித்தான் ஆனது, அழித்ததும் சரியாகிவிட்டது.

மணிக்கூண்டு:
தம்பி சொல்வதை உடனே செய்துவிடாதீர்கள். அழித்தால் வாட்ஸ்அப், படங்கள், இ-வாலட் எல்லாவற்றையும் மறுபடி கட்டி எழுப்ப வேண்டும். வங்கிச் செயலிதான் பெரிய தலைவலி. மோசடிகளைத் தடுக்க 2022இல் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொண்டுவந்த ஏற்பாட்டில், பரிவர்த்தனைக்கு அனுமதி தரும் கருவியாக ஒரே கைப்பேசியைத்தான் பதிந்துகொள்ள முடியும். புதிதாகப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். சம்பள நாளில் இதைச் செய்துவிட்டு நான் பட்ட பாடு போதும். பழைய மென்பொருளுக்குத் திரும்புவதும் சுலபமில்லை. பல கைப்பேசிகள் அதற்கு இடமே தருவதில்லை, இடம் தந்தாலும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும்.

தண்ணீர்மலையான்:
இருபது வருடமாகக் கைப்பேசி பழுது பார்க்கிறேன். பேட்டரியை மாற்றினால் எனக்குத்தான் வருமானம், ஆனாலும் தங்கச்சி, இப்போதைக்குக் காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் பேட்டரி வேகமாக இறங்குவது வழக்கம். செயலிகளை எல்லாம் கைப்பேசி புதிய மென்பொருளுக்கு ஏற்ப மறுபடி தயார் செய்யும், படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அட்டவணை போடும். உங்களுக்கு இரண்டு வாரம் ஆகிவிட்டதால் அது காரணமாக இருக்காது.

இன்று இரவு படுக்கும்போது விமானப் பயன்முறையில் (ஏர்பிளேன் மோடு, சிக்னல் தேடுவது நின்றுவிடும்) போட்டு, சார்ஜ் ஏற்றாமல் வைத்துவிடுங்கள். படுக்கும்போது எத்தனை, எழும்போது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளை வேலை முடிந்ததும் அமைப்புகளில் பேட்டரி பக்கத்தைத் திறந்து, முதலிடத்தில் எது இருக்கிறது, கோடு எந்த நேரத்தில் சரிகிறது என்று பாருங்கள். மறக்காமல், மொபைல் நெட்வொர்க் எதில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

பிறைக்காரி:
அண்ணன், பார்த்துவிட்டேன். இரவு பதினொன்றுக்கு 64, காலை ஐந்துக்கு 63! பகலில் லாக்கருக்குள் வைத்த நிமிடத்திலிருந்து கோடு மாடிப்படி மாதிரி இறங்குகிறது. பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் ஓய்வு நேரத்தில் வெளியே எடுத்தேன், அந்த இரண்டு இடத்தில் மட்டும் கோடு கொஞ்சம் சமமாக ஓடுகிறது. முதலிடத்தில் 'மொபைல் நெட்வொர்க்'. இதை நான் எப்போது பயன்படுத்தினேன்?

அமைப்பில் '5ஜி, தானாக' என்று இருக்கிறது. வாங்கியபோது என் சொந்த அண்ணன் மகன் 4ஜியில் வைத்துக் கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. நான் மாற்றவே இல்லை.

தண்ணீர்மலையான்:
நீங்கள் மாற்றவில்லை, அப்டேட் மாற்றியிருக்கிறது. அது சில அமைப்புகளைச் சொல்லாமல் கொள்ளாமல் கம்பெனி வைத்து அனுப்பிய நிலைக்கே திருப்பிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மணி நேரத்தில் ஒரு சதவீதம்தான் இறங்கியது என்றால் பேட்டரியில் கோளாறு இல்லை. திருடன் உங்கள் லாக்கர்தான். இரும்புப் பெட்டிக்குள் அலை சரியாக நுழையாது. சிக்னல் அறவே இல்லை என்றால் கைப்பேசி கொஞ்சம் இடைவெளி விட்டுவிட்டுத்தான் தேடும். கதவு இடுக்கு வழியாக அரைகுறையாகக் கிடைப்பதுதான் மோசம். பிடிக்கும், விடும், மறுபடி பதிந்துகொள்ளும். 5ஜி கிடைக்காவிட்டால் 4ஜி, அதுவும் நழுவினால் 2ஜி. 3ஜியை இந்த நாட்டில் 2021 கடைசியோடு மூடிவிட்டார்கள், ஆகவே நடுவில் நிற்கப் படி இல்லை. சிக்னல் கோபுரம் எட்டாதபோது கைப்பேசி தன் குரலை உயர்த்திக் கத்தும். 4ஜியில் அந்தக் கத்தலின் உச்சம் ஏறக்குறைய 0.2 வாட், 2ஜியில் 2 வாட் வரை போகலாம். நீங்கள் சொன்ன தோசைச் சூடு இதனால் வருவதுதான். இந்தச் சூட்டில் தினமும் வெந்தால் நல்ல பேட்டரியும் சீக்கிரம் கிழடாகிவிடும்.

4ஜிக்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, லாக்கரில் வைக்கும்போது விமானப் பயன்முறையில் போட்டுவிடுவது.

பிறைக்காரி:
4ஜிக்கு மாற்றினேன், இன்று 71 மிச்சம். ஆனால் விமானப் பயன்முறைக்கு மனம் வரவில்லை அண்ணன். பள்ளியிலிருந்து அழைத்தால்?

மணிக்கூண்டு:
லாக்கருக்குள் மணி அடித்தால் யார் காதில் விழும்?

பிறைக்காரி:
இப்படிக் கேட்டால் நான் எங்கே போவேன்! ஓய்வு நேரத்தில் வந்து, யார் அழைத்தார்கள் என்று பார்ப்பேன். விமானப் பயன்முறையில் அந்தப் பட்டியலும் வராதே.

தண்ணீர்மலையான்:
தொழிற்சாலையில் பாதுகாவலர் அறைத் தொலைபேசி இருக்குமே. அந்த எண்ணைப் பள்ளிக்கும் அம்மாவுக்கும் கொடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் ஆளை அனுப்பி உங்களையே கூப்பிடுவார்கள்.

பிறைக்காரி:
ஒரு வாரம் ஆயிற்று, வந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று எழுதுகிறேன். இப்போது காலையில் 95, இரவில் 93. எடுத்தால் கை சில்லென்று இருக்கிறது. 150 வெள்ளி கையோடு.

பாதுகாவலர் அறை எண்ணைப் பள்ளியில் எழுதிக்கொண்டார்கள், அம்மாவுக்கும் கொடுத்தேன். புதன்கிழமை மதியம் மேற்பார்வையாளர் ஓடி வந்து, வீட்டிலிருந்து அவசர அழைப்பு என்றார். அங்கியைக் கழற்றி, காலணியை மாற்றி, மூச்சிரைக்க ஓடினேன். அம்மாதான். வரும்போது கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னார்.