வைல்டு டிஸ்கஸ் ஜோடி நாலு முறை முட்டை போட்டும் ஒன்றும் பொரியவில்லை

கண்ணாடித்தொட்டி:
வணக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கொளத்தூரில் ஆறு வைல்டு டிஸ்கஸ் வாங்கினேன், அதாவது தொட்டியில் பிறக்காமல் அமேசான் பக்கத்து ஆற்றில் பிடித்த தட்டு வடிவ மீன். பிரேசிலின் அலென்கேர் பக்கத்து மீன் என்று சொன்னார்கள். பழுப்பு உடம்பு, நெற்றியிலும் முதுகு ஓரத்திலும் நீலக் கோடு, சிவப்புக் கண். நாலடி தொட்டியில்தான் ஆறும் வளர்ந்தன. போன மார்கழியில் இரண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நாலையும் விரட்ட ஆரம்பித்ததால், அவற்றை ஒன்றரை அடி சதுரத் தொட்டிக்கு மாற்றினேன். உள்ளே ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், முட்டை ஒட்டுவதற்கு ஒரு மண் கூம்பு, அவ்வளவுதான்.

இதுவரை நாலு முறை முட்டை போட்டாயிற்று. முதல் இரண்டு தடவையும் மறுநாள் காலையில் பார்த்தால் கூம்பு துடைத்து வைத்த மாதிரி இருந்தது, தின்றுவிட்டன. அடுத்த இரண்டு தடவை தின்னவில்லை, ஆனால் இரண்டாம் நாளே முக்கால்வாசி முட்டை வெளுத்துப் பஞ்சு பிடித்துவிட்டது, மிச்சத்தையும் அந்தப் பஞ்சு மூடிவிட்டது. எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 900க்கு மேல். வீட்டு ஆர்ஓ தண்ணீரைக் கலந்து 320க்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். பிஎச் 7.2, சூடு 29 டிகிரி.

ஒருவர் பாஸ்பாரிக் ஆசிட் விட்டு பிஎச்சை 5.5க்கு இறக்கச் சொல்கிறார். இன்னொருவர் முட்டையைக் கூம்போடு எடுத்து பஞ்சு பிடிக்காமலிருக்க மெத்திலின் ப்ளூ மருந்து போட்டுத் தனியாகப் பொரிக்கச் சொல்கிறார். எது சரி?

வால்துடுப்பு:
இரண்டையும் விடுங்கள். முதலில் அது ஆணும் பெண்ணும்தானா என்று பார்த்தீர்களா? இரண்டு பெண் மீன் ஜோடி சேர்ந்து, மாறி மாறி முட்டை போட்டு, காவலும் காத்து ஒரு வருடம் என்னை ஏமாற்றியிருக்கின்றன. உடம்பை வைத்து டிஸ்கஸில் ஆண் பெண் சொல்வது ஜோசியம். முட்டை போடும் நேரத்தில் அடியில் நீட்டும் குழாயைப் பாருங்கள், பெண்ணுக்கு அகலமாக முனை மழுங்கி இருக்கும், ஆணுக்கு ஒல்லியாகக் கூராக இருக்கும். இன்னொன்று, வெளுக்காத அந்தக் கால்வாசி முட்டையில் கறுப்புப் புள்ளி வந்ததா?

கண்ணாடித்தொட்டி:
வந்தது சார். ஒன்றரை நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது தேன் நிறத்தில் இருந்த முட்டைகளுக்குள் கடுகு உடைத்த மாதிரி கறுப்பு தெரிந்தது. போட்டோவும் இருக்கிறது.

வால்துடுப்பு:
அப்படியென்றால் ஆண் இருக்கிறான், வேலையும் செய்கிறான். உங்கள் பிரச்சினை தண்ணீர். பெரியவர் வருவார், அவரைக் கேளுங்கள்.

பாதாம் இலை:
தம்பி, அந்த ஆசிட் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள். போர் தண்ணீரில் கார்பனேட் நிறைய இருக்கும், ஆசிட் விட்டால் காலையில் பிஎச் இறங்கும், சாயங்காலம் திரும்ப ஏறும், இந்த ஏற்ற இறக்கத்தில் மீன்தான் வாடும். பிஎச் எண்ணை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள், தண்ணீரில் கரைந்திருப்பதைக் குறையுங்கள். சுண்ணாம்பு ஏறிய தண்ணீரில் முட்டைத் தோல் இறுகிக் கருத்தரிப்பது குறைகிறது, நான் பார்த்தவரையில் இதுதான் காரணம். 320இல் பெரிய மீன் சௌக்கியமாக இருக்கும், சாப்பிடும், முட்டையும் போடும். ஆனால் முட்டைக்கு அது போதாது, 60லிருந்து 80க்குள் இறக்கப் பாருங்கள்.

இங்கே பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. வீட்டு ஆர்ஓ மெஷினில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், நாம் குடிப்பதற்கு ருசி வேண்டும் என்று கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும். மினரல் கார்ட்ரிட்ஜ் வேறு இருக்கும். மீனுக்கு எடுக்கும் குழாயை உப்பை வடிக்கும் மெம்பிரேன் தாண்டியவுடனே பிரித்து எடுங்கள், கார்ட்ரிட்ஜுக்குப் பிறகு அல்ல. கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் துணி துவைக்க வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் உங்களுக்கும் மீனுக்கும் சேர்த்து விழும்.

ஒரே நாளில் 320லிருந்து 70க்குப் போகாதீர்கள். தினம் பத்துப் பதினைந்து சதவீதம் மாற்றி, இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் விழுந்த பாதாம் இலை, நான் சொல்வது நாட்டு வாதுமை, நன்றாகக் காய்ந்து செம்பழுப்பானது, மருந்து அடிக்காத மரத்தினுடையது, இரண்டு மூன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும், பிஎச்சும் தானாக ஆறு பக்கம் வந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை, இவ்வளவு மென்மையான தண்ணீரில் தாங்கிப்பிடிக்கக் கார்பனேட் இல்லாததால் பிஎச் திடீரென்று சரியலாம், ஆறுக்குக் கீழே ஃபில்டர் பாக்டீரியாவும் மந்தமாகும். அதனால் தீனியை அளந்து போட்டு, தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்றியே ஆகவேண்டும்.

அப்புறம் மழை. பிரேசிலின் மானவுஸ் ஊரில் நீக்ரோ ஆறு வருடத்துக்குச் சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்கும். அக்டோபர், நவம்பரில் அடிமட்டம், ஜூன் வாக்கில் உச்சம். தண்ணீர் ஏற ஆரம்பித்துக் கரையோரக் காடு மூழ்கும்போதுதான் அந்தப் பக்கத்து டிஸ்கஸ் குஞ்சு பொரிக்கக் கிளம்பும். அதை வீட்டில் செய்துகாட்டலாம். ஒரு பத்து நாள் தண்ணீர் மாற்றுவதைக் குறைத்துத் தீனியையும் சுருக்குங்கள், பிறகு ஒரு சாயங்காலம் பாதித் தண்ணீரைத் தொட்டியைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த ஆர்ஓ தண்ணீரால் மாற்றுங்கள். வெளியே நிஜமாகவே மழை பிடித்திருக்கும் நாளில் செய்தால் எனக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது, காற்றழுத்தமோ என் மனப்பிராந்தியோ.

முட்டையைத் தனியாக எடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். பொரிக்க வைப்பது சுலபம், பொரித்த குஞ்சுக்கு எதை ஊட்டுவீர்கள்? தாய் தகப்பன் இரண்டின் தோலிலும் சுரக்கும் கொழகொழப்புத்தான் அதன் பால். பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முட்டை போட்ட உடனே அந்தச் சுரப்பில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். முட்டை மஞ்சள்கருவைக் குழைத்துத் தட்டில் தடவி இரண்டு மணிக்கொரு தரம் ஊட்டி வளர்ப்பவர்கள் உண்டு, எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. திரும்பவும் முட்டையைத் தின்றால் கூம்பைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டு பிளாஸ்டிக் வலை கட்டுங்கள், துடுப்பால் முட்டைக்கு விசிற முடியும், வாய் எட்டாது.

நீலக்கோடு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஹெக்கல் என்ற வைல்டு டிஸ்கஸ் கிடைக்கும்போல இருக்கிறது, என்னிடம் ஏற்கனவே தொட்டியில் பிறந்த சிவப்பு டிஸ்கஸ் பத்து இருக்கிறது, கூடவே விடலாமா?

வால்துடுப்பு:
விடாதீர்கள். நான் விட்டேன். பச்சை டிஸ்கஸ், டெஃபே பக்கத்து மீன் என்று வாங்கிய மூன்றைக் குளிப்பாட்டிக்கூட விடாமல் பழைய தொட்டியில் இறக்கினேன். நாலாம் நாள் எல்லாம் கறுத்து, துடுப்பை ஒட்டிக்கொண்டு, உடம்பிலிருந்து தோல் உரிந்த மாதிரி சளி தொங்கியது. எட்டு போயிற்று, அதில் ஆறு என் பழைய மீன். ஆற்று மீனின் கிருமி தொட்டி மீனுக்குப் பழக்கமில்லை, தொட்டி மீனின் கிருமி அதற்குப் பழக்கமில்லை. குறைந்தது ஆறு வாரம் தனித் தொட்டி, தனி வலை, தனி பக்கெட். செவுள் புழுவுக்கு பிராசிகுவான்டெல், வெள்ளை நூல் மாதிரி மலம் போனால் மெட்ரோனிடசோல், குடல் புழுவுக்கு லெவாமிசோல். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள்.

பாதாம் இலை:
ஹெக்கல் தனி இனம், 1840இல் பெயர் வைத்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் தார் பூசின மாதிரி தடிமனாக இருக்கும். நீக்ரோ ஆற்றின் கறுப்புத் தண்ணீரில் பிஎச் 5க்குக் கீழேகூடப் போகும், உப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அழகு பார்க்க வளர்ப்பதென்றால் தனித் தொட்டியில் வளருங்கள். குஞ்சு எடுக்க ஆசைப்பட்டு ஹெக்கலில் தொடங்குவது, நீச்சல் பழகக் கடலில் குதிப்பது மாதிரி. முதலில் பழுப்பு, நீல டிஸ்கஸில் கை பழகட்டும்.

கண்ணாடித்தொட்டி:
இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், குஞ்சு வந்துவிட்டது!

கண்ட்ரோலர் திருகை மூடியதும் ஆர்ஓ டிடிஎஸ் 25க்கு வந்தது, இத்தனை நாள் அதுதான் என்னை ஏமாற்றியிருக்கிறது. பதினெட்டு நாளில் தொட்டியை 70க்கு இறக்கினேன். பெரியவர் சொன்ன மழை வேலையும் செய்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கூம்பைத் துடைக்க ஆரம்பித்து, நாலரை மணிக்குப் பெண் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போக, ஆண் பின்னாலேயே ஏறி வந்தது, குழாய் கூராகத்தான் இருந்தது. வெளுத்தது இருபது முப்பதுதான். இரண்டரை நாளில் கூம்பு முழுக்க வால் துடித்தது, ஆறாம் நாள் நீந்திவிட்டன.

பெற்றோர் இரண்டும் கரிக்கட்டை மாதிரி கறுத்துப்போய் இருந்ததைப் பார்த்து நோய் என்று பயந்தே போனேன். இரவு சின்ன ஜீரோ வாட் பல்பு எரியவிட்டேன். காலையில் பார்த்தால் அறுபது எழுபது குஞ்சு தகப்பன் முதுகில் ஈ மொய்த்த மாதிரி ஒட்டிக் கொத்திக்கொண்டிருந்தன. அது அலுத்தவுடன் உடம்பை ஒரு வெட்டு வெட்டியது, அத்தனையும் உதிர்ந்து அடுத்த நொடி தாய் மேல் போய் ஒட்டின. அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டேன். ஆர்டீமியா, அந்த உப்புநீர்ப் பொடி இறால் குஞ்சு, எப்போது கொடுக்கலாம்?

பாதாம் இலை:
அருமை தம்பி. கறுப்பது நோயில்லை, குஞ்சுக்கு அதுதான் அடையாளம். கறுக்கத் தெரியாத பிஜியன் பிளட் மாதிரி தொட்டி ரக நிறங்களில் குஞ்சு பெற்றோரை விட்டுவிட்டுக் கறுப்பு ஹீட்டரைத் தேடிப் போய் ஒட்டும், வைல்டு வளர்ப்பவனுக்கு அந்தத் தலைவலி குறைவு.

நீந்த ஆரம்பித்து நாலைந்து நாளில் ஆர்டீமியா கொடுங்கள். அதன் முட்டையைப் பொரிக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, அயோடின் கலக்காதது, காற்று நன்றாக விட்டு 28 டிகிரியில் ஒரு நாள். முட்டை ஓடு மேலே மிதக்கும், அது குஞ்சின் வயிற்றில் போகக்கூடாது, அடியிலிருந்து உறிஞ்சி நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். வயிறு ஆரஞ்சு நிறமானால் சாப்பிடுகிறது என்று அர்த்தம். மூன்றாவது வாரத்தில் பெற்றோரே நழுவ ஆரம்பிக்கும், அப்போது பிரித்துவிடலாம். டியூபிஃபெக்ஸ் புழு பக்கம் மட்டும் போகாதீர்கள், சாக்கடையில் அள்ளியது.

கண்ணாடித்தொட்டி:
நன்றி ஐயா. ஒரே கவலை, நாளைக்கு எங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் 2 மணி வரை. இன்வெர்ட்டர் இல்லை.

வால்துடுப்பு:
தூண்டில் கடையில் பேட்டரி ஏர் பம்ப் கிடைக்கும், இன்றே வாங்கி ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மாட்டிப் பாருங்கள். தொட்டியைச் சுற்றி ஒரு கம்பளி போர்த்தினால் ஐந்து மணி நேரத்தில் சூடு அதிகம் இறங்காது. நாளைக்குக் காலையில் பெரிய மீனுக்குத் தீனி போடாதீர்கள்.