பிளக்கில் மீற்றர் வைத்துப் பார்த்தபோது: உங்கள் அனுபவம்

கோண்டாவில்:
பின்னேரம் ஃபான் கன்னாபின்னாவென்று சுற்றத் தொடங்கியது. மல்ரிமீற்றரை ஏசி 600 வோல்ற் அளவில் வைத்துப் பிளக்கில் பிடித்தேன்: 230 நிற்க வேண்டிய இடத்தில் 268 வோல்ற். பக்கத்து வீட்டில் என்னவென்றால் லைற் மங்கிக் கிடக்கிறது. அவர்கள் கேத்திலைப் போட்டார்கள், என்னுடைய மீற்றர் கண் முன்னாலேயே 291க்கு ஏறியது. அந்த இலக்கம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்துவதற்குள் ரிவி போய்விட்டது. போஸ்ற்றில் நியூற்றல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், கழன்றிருந்ததாம்.

சாவகச்சேரி:
அண்ணை, வோல்ற் கூடுவதை விடக் குறைவதுதான் கொடுமை. எங்களுடையது லைனில் கடைசி வீடு. எல்லாரும் தோட்டத்துக்கு இறைக்கிற நேரம் பிளக்கில் 195தான் நிற்கும். மீற்றரைப் பிடித்தபடியே தம்பியிடம் மோட்டரைப் போடச் சொன்னேன். 158க்கு விழுந்தது. மோட்டர் உறுமியதே தவிரச் சுற்றவில்லை, வைண்டிங் கருகுகிற மணம் வந்துவிட்டது.

பருத்தித்துறை:
சாவகச்சேரித் தம்பி சொல்வதை ஏற்க மாட்டேன். குறைந்தால் மோட்டர், பிரிஜ் போன்றவைக்குத்தான் ஆபத்து. நியூற்றல் போனால் வீட்டில் எதுவும் மிஞ்சாது. லைவுக்கும் (கரண்ட் வருகிற வயர்) நியூற்றலுக்கும் இடையில் மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அங்கே 230, ஆறு வீதம் கூடலாம் குறையலாம், அதாவது 216 முதல் 244 வரை. லைவுக்கும் எர்த்துக்கும் (நிலத்துக்குப் போகிற பாதுகாப்பு வயர்) பாருங்கள், கிட்டத்தட்ட அதே அளவு வரவேண்டும். பிறகு நியூற்றலுக்கும் எர்த்துக்கும். அது ஓரிரு வோல்ற்தான் இருக்க வேண்டும். 40, 50 என்று காட்டினால் நியூற்றலோ எர்த்தோ எங்கேயோ விட்டிருக்கிறது, வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். 13 அம்பியர் பிளக்கை நேரே பார்த்தால் வலப்பக்க ஓட்டைதான் லைவ். இன்னொன்று, சிவப்பு வயர் மீற்றரின் 10 அம்பியர் துளையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அப்படியே பிளக்கில் குத்தினால் நேரடி ஷோர்ட். மருமகனின் மலிவு மீற்றர் அப்படித்தான் கையிலேயே வெடித்தது. வயரின் நுனி உருகிப் பிளக்கில் ஒட்டியிருந்தது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தொடவே வேண்டாம்.

மானிப்பாய்:
எங்களுக்கு ஏறுவது மத்தியானத்தில். ஒழுங்கையில் கனபேர் கூரையில் சோலார் போட்டிருக்கிறார்கள். வெயில் உச்சியில் 252, சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற எங்களுடைய இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். முகில் மறைத்தால் 236. மீற்றரோடு நின்று பார்த்தால்தான் நம்புவீர்கள்.

சாவகச்சேரி:
பருத்தித்துறை ஐயா, ரிவி இல்லாமல் இருக்கலாம். மோட்டர் எரிந்தால் வெங்காயத்துக்கு யார் தண்ணீர் விடுவது?