ஊராட்சி ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால் ஊருக்கு விடியுமா?

காவிரிக்கரை:
எங்கள் ஊரில் முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் கீழத்தெருப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு. தண்ணீர்தான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் விசாரிக்கப் போன இடத்தில் ஒன்று தெரிந்தது. தொட்டி இயக்குபவர் பிளீச்சிங் பவுடரைக் கைப்பிடியாய் அள்ளி அப்படியே தொட்டிக்குள் போட்டுவந்திருக்கிறார். மூட்டை வாய் கட்டாமல் மோட்டார் அறையில் மாதக்கணக்கில் கிடந்தது. காற்றுப் பட்டால் குளோரின் வீரியம் போய்விடும், பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும், கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. ஒன்பது ஆண்டுகளாக அந்த வேலையில் இருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேருகிறவர் பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தாக வேண்டும். ஊரே குடிக்கும் தண்ணீரைக் கையாளும் மனிதருக்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கிடைக்கவில்லை. முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான் என்கிறேன்.

ஓய்வுபெற்ற செயலர்:
ஐயா, 22 ஆண்டுகள் ஊராட்சிச் செயலராக இருந்தவன் நான். உங்கள் கவலை நியாயமானது. நீங்கள் சொல்லும் மருந்துதான் தவறு. பயிற்சிக்கு நானும் பலமுறை போயிருக்கிறேன். ஒரே அரங்கில் இருநூறு பேர், காலையிலிருந்து மாலைவரை திரையில் பாடம், கடைசியில் கையெழுத்து. ஊர் திரும்பினால் வீட்டு வரி, நூறு நாள் வேலைப் பதிவு, தெருவிளக்குப் புகார், கிராம சபைத் தீர்மானப் புத்தகம் என்று எல்லாம் ஒரே மேசையில் காத்திருக்கும். 2020 ஏப்ரலில் இ-கிராம் ஸ்வராஜ் என்ற ஊராட்சிக் கணக்கு இணையதளம் வந்தபிறகு கணக்கும் கணினிக்குப் போனது. என் அலுவலகத்தில் கணினி இருந்தது, இயக்க ஆள் இல்லை. இதற்குத் தேவை இன்னொரு பயிற்சியா, இன்னொரு ஆளா?

அந்தத் தொட்டி இயக்குபவருக்கு மாதம் என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்களா? வாழப் போதாத தொகையைக் கொடுத்துவிட்டு, அவர் கற்கவில்லை என்று வருந்துவது எனக்கு ஏற்பில்லை.

மலையோரம்:
நான் திருச்சூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே முளங்குன்னத்துக்காவில் 1990 முதல் 'கிலா' என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் ஊழியர்களும் அங்கே பயில்கிறார்கள். நமக்கும் மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அந்தப் பயிற்சியை இன்னும் கீழே, ஊர்வரை கொண்டுபோனால் என்ன?

ஓய்வுபெற்ற செயலர்:
சகோதரி, கேரளத்தில் பயிற்சி தனியாக வரவில்லை. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவெடுத்தார்கள். கையில் பணமும் அதிகாரமும் வந்தபின் கற்றவன், மறுநாளே அதைப் பயன்படுத்தினான். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தின்படி 29 பொருள்கள் ஊராட்சிக்கு உரியவை என்று அட்டவணையில் இருக்கின்றன. நம் ஊராட்சிகளின் கையில் எத்தனை இருக்கின்றன? இன்னொன்று: பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. பல ஊர்களுக்கு ஒரே அலுவலர். பயிற்சி பெற்று வருகிற ஊழியர் யாரிடம் போய் நிற்பார்?

காவிரிக்கரை:
ஐயா, நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் ஏற்கிறேன். ஆனால் அதிகாரமும் நிதியும் வரும்வரை அந்தத் தெருப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாது. நான் அரங்கப் பயிற்சி கேட்கவில்லை. பக்கத்து ஊர்களைச் சேர்ந்த பத்துத் தொட்டி இயக்குபவர்களை ஒரு தொட்டியடியில் கூட்டுங்கள். தெரிந்த ஒருவர் வாளியில் கரைத்துக் காட்டட்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் கையால் கரைக்கட்டும், கடைசிக் குழாயில் நீர் பிடித்து, எஞ்சிய குளோரினைச் சோதித்து நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கட்டும். அரை நாள் வேலை. நம்மவர் கைத்தொழிலைப் பார்த்துச் செய்துதானே கற்றிருக்கிறார்கள்? மூன்று மாதம் கழித்து அதே ஆள் தொட்டியடிக்கு வந்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் வருகைதான் எங்கேயும் நடப்பதில்லை.

மலையோரம்:
தூய்மைக் காவலர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் குப்பையிலிருந்து உடைந்த கண்ணாடியைப் பிரிக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கையுறையைக் கொடுக்காமல் அதைப் பற்றிப் பாடம் நடத்துவது பாவம்.

ஓய்வுபெற்ற செயலர்:
இப்படிக் கேட்டால் நானும் உடன்படுகிறேன், ஐயா. எங்கள் பக்கத்தில் நடத்தினால் கரைத்துக் காட்ட நானே வருகிறேன். ஆனால் அந்த அரை நாளுக்கும் கூலி உண்டு என்று முதலில் எழுத்தில் வர வேண்டும். அன்று காலை அந்தப் பத்து ஊர்களிலும் வால்வைத் திறக்க மாற்றாள் யார் என்பதையும் அதே உத்தரவில் எழுத வேண்டும்.