இரு பக்கமும் 10.0.0.0/16: டைரக்ட் கனெக்ட் வழியே டொமைன் லாகின் ஆகவில்லை

சென்னை அலுவலகமும் ஏடபிள்யூஎஸ் மும்பை ரீஜியன் விபிசி-யும் (கிளவுடில் எங்கள் தனி நெட்வொர்க்) ஒரே 10.0.0.0/16 முகவரி வரம்பில். நடுவே 1 ஜிபிபிஎஸ் டைரக்ட் கனெக்ட் (ஏடபிள்யூஎஸ்-க்கான தனி லைன்), டிரான்சிட் கேட்வே (நெட்வொர்க்குகளை இணைக்கும் ரௌட்டர்). விபிசி-யின் முதல் சிஐடிஆரை (முகவரி வரம்பை) மாற்ற வழியில்லை. மாதக் கடைசியில் கட்ஓவர் (புது அமைப்புக்கு மாறும் நாள்).

விபிசி-யில் 100.64.0.0/16 சேர்த்து அதை மட்டும் அலுவலகத்துக்கு ரூட்டாக அட்வர்டைஸ் செய்கிறோம். அலுவலக ஃபயர்வாலில் 10.64.0.0/16-க்கு ஒன்றுக்கொன்று நாட் (முகவரி மாற்றம்). வெப், டேட்டாபேஸ் எல்லாம் 100.64-இல் உள்ள லோட் பேலன்சர் வழியே ஓடுகின்றன.

தகராறு டொமைன் லாகினைக் கவனிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில்தான் (ஏடி). டிசி (டொமைன் கண்ட்ரோலர், லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) எங்கே என்றால் டிஎன்எஸ் 10.0.5.10 என்கிறது, பாக்கெட் அலுவலகத்துக்குள்ளேயே சுற்றிச் சாகிறது. ஏடி பயன்படுத்தும் ஆர்பிசி-க்கு (ரிமோட் புரொசீஜர் கால்) 49152 முதல் 65535 வரை போர்ட் வேண்டும், லோட் பேலன்சர் அதற்குச் சரிப்படாது.

100.64 சப்நெட்டில் இரண்டாவது டிசி வைத்து, 10.64.0.0/16-ஐத் தனி ஏடி சைட்டாகவும் (அருகிலுள்ள டிசியைத் தேர உதவும் பிரிவு) கட்டியாயிற்று. ஆனாலும் சில பிசிக்கள் பழைய டிசியையே தேடிப் போகின்றன.

பழைய டிசி பொது எஸ்ஆர்வி ரெக்கார்டுகளை (எது டிசி என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள்) பதியாதபடி குரூப் பாலிசியில் நிறுத்தினால் போதுமா, இல்லை அலுவலகத்துக்கென்று தனி டிஎன்எஸ் பாலிசியும் (கேட்கும் சப்நெட்டைப் பார்த்து வேறு பதில் தருவது) வேண்டுமா?