கொடியேற்றத்துக்கே வாருங்கள்

ஊர்ச் சொந்தங்களுக்கு அன்பு வணக்கம்.

தூத்துக்குடி பனிமய மாதா கோயிலின் தங்கத் தேர் அடுத்து எப்போது ஓடும் என்று கேட்டு மடல் மேல் மடல் வருகிறது. 2023-இல் வர முடியாமல் போனவர்களின் ஏக்கம் புரிகிறது. ஆனால் தேருக்காகக் காத்திருந்து, வருஷா வருஷம் வரும் நம் பனிமய மாதா திருவிழாவை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்குப் பாருங்கள். 1806-இல் முதன்முதலாக ஓடிய தேர், 2023-இல் ஓடியது 16-வது முறை. 1982-க்குப் பிறகு 2000 வரை அது நிலையை விட்டு நகரவே இல்லை. அந்த 18 வருஷமும் தூத்துக்குடிப் பிள்ளைகளை மாதாவோடு சேர்த்து வைத்தது ஜூலை 26-இல் ஏறும் திருவிழாக் கொடிதான்.

அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். நேர்ச்சைப் பாலும் வாழைப்பழமும் சுமந்து ஜனம் கொடிமரத்தைச் சுற்றி நிற்கும். கொடி மேலே ஏற ஏற, துறைமுகத்துக் கப்பல்கள் சங்கு ஊதும். கப்பலுக்கும் கோயிலுக்கும் என்ன உறவு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். நமக்கு அது கேள்வியே இல்லை. 1555-இல் மணிலாவிலிருந்து கடல்வழியாக வந்தது என்று நாம் போற்றுவது நம் மாதாவின் சுரூபத்தை, அதாவது சிலையை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி விட்டவர்களின் வீடுகளில் தஸ்நேவிஸ் மாதா என்றும் நாம் அழைக்கும் பனிமய மாதாதான் துணை. வேம்பாறு முதல் மணப்பாடு வரை ஏழு கடல்துறைக்கும் அவள்தான் அடைக்கலத் தாய்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1658-இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள். கத்தோலிக்கம் அவர்களுக்கு ஆகாது. அப்படியும் நம் முன்னோர் மாதாவை விடவில்லை. இப்போது நிற்கும் கோயில் 1713-இல் எழுந்தபோதும் ஊர் டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. அதைக் கட்டிய வைராக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

தேர் நாளில் லட்சக்கணக்கில் கூட்டம். பக்கத்துத் தெரு அக்காவைக்கூடப் பார்த்துப் பேச முடியாது. திருவிழாவின் நவநாள் (ஒன்பது நாள் ஜெப) மாலைகள் அப்படியல்ல. ஜெபமாலை, மறையுரை, நற்கருணை ஆசீர் எல்லாம் முடிந்த பிறகு கோயில் வளாகத்திலேயே பேச்சு நீளும். கல்யாணப் பேச்சு அங்கே தொடங்கும், அண்ணன் தம்பி மனத்தாங்கல் அங்கே தீரும், யார் வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதும் அங்கேதான் தெரியவரும். இந்து, முஸ்லிம் குடும்பங்களும் நேர்ச்சையோடு வந்து நிற்பார்கள். நம் ஊர் ஒரே இடத்தில் கூடுவது இந்தப் பதினோரு நாளில்தான் என்பேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் ஜூலைக் கடைசியில் பள்ளி விடுமுறைதான். டிக்கெட் போடும்போது ஜூலை 25-க்குள் ஊர் சேரும்படி போடுங்கள். ஆகஸ்ட் 5 சாயங்காலச் சப்பரப் பவனி வரை இருக்கலாம். விடுமுறை ஒத்துவராத சிங்கப்பூர், ஆஸ்திரேலியக்காரர்கள் நடுவில் ஒரு சனி ஞாயிறுக்காவது வரப் பாருங்கள். யார் யார் வருகிறீர்கள் என்று இந்த மடலுக்கே பதில் போட்டால், ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.