மரவேலை சிஎன்சி ரவுட்டர்: எஸ்பிஆர் தண்டா, எச்ஜிஆர் ரெயிலா?

சீவல்:
வணக்கம். 1200 × 800 மி.மீ. அளவில், கணினி ஓட்டி மரத்தை வெட்டும் சிஎன்சி ரவுட்டர் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். சட்டம் 40 × 80 அலுமினியப் புரொஃபைல், ஸ்பிண்டில் (வெட்டும் அலகைச் சுழற்றும் மோட்டார்) 2.2 கிலோவாட். வெட்டப்போவது பெரும்பாலும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), ப்ளைவுட். நகரும் பாகங்கள் ஓடுவதற்கு எஸ்பிஆர்20 (உருளைத் தண்டு) போட்டால் தண்டு வளையும் என்கிறார் ஒருவர். எச்ஜிஆர்20 (பட்டை வடிவ ரெயில்) போட்டால் மரத்தூளில் சிக்கிவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? அப்புறம், கிரீஸா எண்ணெயா?

இழைப்புளி:
எஸ்பிஆர் தண்டு அப்படியெல்லாம் வளையாது. முழு நீளத்துக்கும் அடியில் அலுமினியத் தாங்கி இருக்கிறது. வளைவது இரண்டு முனையில் மட்டும் பிடித்த வெறும் தண்டுதான். எஸ்பிஆரில் பலவீனம், தண்டின்மேல் ஓடும் பிளாக்கில் இருக்கிறது. அடியில் வாய் திறந்திருப்பதால் அந்தப் பக்கம் குண்டுகள் கிடையாது. பிளாக்கைத் தண்டிலிருந்து விலக்கி மேலே இழுத்தால் தாங்கும் திறன் குறையும். எச்ஜிஆர் ரெயிலில் ஓடும் எச்ஜி பிளாக்கில் நான்கு வரிசைக் குண்டுகள் 45 டிகிரியில் உட்கார்ந்திருக்கும். மேலே, கீழே, பக்கவாட்டில் எங்கே தள்ளினாலும் ஒரே பலம்.

அதனால் என் ஓட்டு எச்ஜிஆருக்கு. ஆனால் அது கொஞ்சம் கறாரான ஆள். எம்5 போல்ட்டை 60 மி.மீ.க்கு ஒன்றாக இறுக்கும்போது, அடியில் இருக்கும் புரொஃபைலின் கோணலை ரெயிலும் அப்படியே வாங்கிக்கொள்ளும். புரொஃபைல் கிரைண்ட் செய்த பரப்பு இல்லை. இறுக்கும் முன் நேர்விளிம்பு வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள்.

ஒரு ரெயிலை முதலில் நேராக்கி முழுதாக இறுக்கிவிடுங்கள். இரண்டாவதை லேசாக விட்டு, கேன்ட்ரியை (ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் குறுக்குப் பாலம்) ஏற்றி, ஒரு முனைக்குத் தள்ளி அங்கே உள்ள போல்ட்டை இறுக்குங்கள். அடுத்து மறுமுனை, கடைசியில் நடு. மோட்டாரைப் பூட்டும் முன்பே கையால் தள்ளிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் கனத்தால், அங்கே இரண்டாவது ரெயிலின் போல்ட்டைத் தளர்த்துங்கள். உடனே இலகுவாகிவிட்டால் கோளாறு சீரமைப்பில், பேரிங்கைத் திட்டாதீர்கள்.

ப்ரீலோடு (பிளாக்கில் குண்டுகள் முன்கூட்டியே எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பது) இசட்0 போதும். வீட்டில் கட்டிய சட்டத்துக்கு அதைவிட இறுக்கமான இசட்பி வாங்கினால் சின்னக் கோணலுக்கே இறுகிப்போகும்.

மரத்தூள்:
தூள் பற்றி நான் சொல்கிறேன், தினமும் எம்டிஎஃப் வெட்டுகிறவன். அந்த மாவு எண்ணெயை உறிஞ்சி, ரெயில்மேல் பழுப்பு நிறக் களிம்பாக ஒட்டும். பிளாக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல் அதைத் தள்ளிவிடும், சரி. ஆனால் போல்ட் தலை உட்காரும் குழிகளை மூடாமல் விட்டால் அவற்றில் தூள் நிரம்பும், சீல் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஏறிப் போகும். ரெயிலோடு வரும் பிளாஸ்டிக் மூடிகளை ரெயில் மட்டத்துக்குத் தட்டிப் போடுங்கள். பலர் அவற்றைப் பையிலேயே விட்டுவிடுகிறார்கள்!

ஏர் கன் வேண்டவே வேண்டாம். தூளை நேரே சீலுக்குள் ஏற்றிவிடும். வாக்குவம் பிடித்து, உலர்ந்த துணியால் துடையுங்கள்.

லித்தியம் கிரீஸ், கெட்டித்தன்மை அளவு என்எல்ஜிஐ 2, நல்லது. டபிள்யூடி-40 மாதிரி ஸ்ப்ரேயை பிளாக்கில் அடிக்காதீர்கள். இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும். புது பிளாக்கில் பல நேரம் துருத் தடுப்பு எண்ணெய் மட்டும்தான் இருக்கும். ஆகவே ஓட்டும் முன்பே நிப்பிளில் (பிளாக்கில் கிரீஸ் ஏற்றும் முனை) கிரீஸ் ஏற்றி, பிளாக்கை முன்னும் பின்னும் நகர்த்தி, மறுபடி ஏற்றுங்கள். சீல் ஓரத்தில் மெல்லிய கோடாகக் கசிந்தால் போதும்.

100 கி.மீ. ஓட்டத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. சராசரி நிமிடத்துக்கு 5 மீட்டர் என்றால் சுமார் 333 மணி நேரம். எம்டிஎஃப்புக்கு நான் அவ்வளவு காத்திருக்க மாட்டேன். துடைக்கும் துணியில் ஈரப்பசை தெரியவில்லை என்றால் உடனே ஏற்றிவிடுவேன்.

சீவல்:
நன்றி அண்ணா, இருவருக்கும். எச்ஜிஆரே போடுகிறேன். பிளாக்கை ரெயிலிலிருந்து கழற்றிக் கழுவலாமா?

இழைப்புளி:
கழற்றலாம். ஆனால் பிளாக்கோடு வரும் பிளாஸ்டிக் போலி ரெயிலை முனையோடு முனை ஒட்டிப் பிடித்து, பிளாக்கை அதன்மேல் நேராக நகர்த்துங்கள். சும்மா உருவினால் குண்டுகள் சிதறலாம். தரையில் தூள் இருந்தால் தேடியும் கிடைக்காது.