அடிக்கடி பறக்குறவுக வாங்க: ஊர்லருந்து கெளம்பும்போது பெட்டியில எது போகும், எது போகாது?

பள்ளத்தூர்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். வேலை சிங்கப்பூர்ல, வீடு பள்ளத்தூர். திருக்கார்த்திகைக்கு ஊருக்கு வந்துருக்கேன், பிள்ளையார் நோன்பு வரைக்கும் லீவு இல்ல, அதுக்கு முன்னாடியே திரும்பணும். கெளம்புற அன்னிக்கு சாயங்காலம் ஆனா எங்க வீட்டு வளவுல ஒவ்வொரு தடவையும் ஒரே பஞ்சாயத்துதான், அப்பத்தா மனகோலம், சீப்பு சீடை, வத்தல், மசாலாப்பொடின்னு ஒவ்வொண்ணாக் கொண்டாந்து வச்சுக்கிட்டே இருப்பாக, அப்பச்சி தராசுல பெட்டியைத் தூக்கிப் பாத்து ரெண்டு கிலோ கூடுதும்பாக, ஆத்தா ஒரு பொட்டலத்தை எடுத்து வெளிய வைக்க அப்பத்தா முகம் அப்படியே வாடிப் போயிரும். அடுப்படியில நாள் பூரா நின்னு சுட்டதாச்சே, அதை எடுத்து வைக்கிறப்ப எனக்கு மனசு பொறுக்கல. இந்தத் தடவை பிள்ளையார் நோன்பன்னிக்குத் திரி வச்சு ஏத்தி எடுத்துக்கிற இழை மாவு வேற குடுத்து விடுறேன்னு சொல்லியிருக்காக. எதை எதுல வைக்கணும், எதை விடமாட்டாங்க, பொட்டலம் எப்படிக் கட்டுறது, ஏர்போர்ட் திருச்சியா மதுரையா, எல்லாத்தையும் போய்வந்து பழகுனவுக சொல்லுங்க.

கோட்டையூர்_செராங்கூன்:
தம்பி, முதல்ல கசகசாவைச் சொல்லிடுறேன், நம்மூர் ஆளுக நெறைய பேருக்கு இது தெரியுறதில்ல. கசகசா சிங்கப்பூர்ல தடை பண்ணின சாமான், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல வருது, துபாய் பக்கமும் தடைதான். இங்க எந்தப் பலசரக்குக் கடையிலயும் கிடைக்கிற பொருளாச்சேன்னு நெனைச்சு வச்சுட்டா அங்க போய் எறங்குறப்ப பெரிய வம்பு. பாக்கெட்டா இருந்தாத்தான்னு இல்ல, வீட்ல குருமாவுக்குன்னு அரைச்சுக் குடுக்குற பொடியிலயும் இருக்கக்கூடாது. அதனால அப்பத்தாகிட்ட இப்பவே சொல்லி கசகசா போடாம அரைக்கச் சொல்லுங்க, அங்க போய் முந்திரியோ பொட்டுக்கடலையோ அரைச்சு ஊத்திக்கலாம், கெட்டியா வந்துரும்.

அடுத்தது உப்புக்கண்டம். வெயில்ல வச்சு எவ்வளவு காய்ஞ்சாலும் அது ஆட்டுக்கறிதான், இங்கருந்து நம்ம கையில கொண்டு போக அனுமதி கிடையாது. இருக்குறப்பவே வறுத்து ரசஞ்சோத்துக்குத் தொட்டுக்கிட்டு நல்லா சாப்ட்டுட்டு வாங்க.

கைப்பையில நெய், ஊறுகாய், தொக்கு எதுவும் வேணாம், 100 மில்லிக்கு மேல தண்ணியா கொழகொழன்னு இருக்குறது எல்லாமே செக்கிங்ல நின்னுரும், மிளகாய்ப்பொடியும் கேபினுக்குள்ள விடமாட்டாங்க, அதெல்லாம் பெரிய பெட்டிக்கு. கொப்பரை ரெண்டுலயும் போகாது, எண்ணெய்ச்சத்து அதிகம்கிறதால தீப்பிடிக்கிற சாமான் கணக்குல வச்சிருக்காங்க. பவர் பேங்க் இதுக்கு நேர்மாறு, அது கைப்பையிலதான் இருக்கணும், பெரிய பெட்டியில போட்டா கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவாங்க. 100 வாட்ஹவர் வரைக்கும் கொண்டு போகலாம், சாதாரண 20,000 எம்ஏஹெச் 74 தான் வரும். ஆனா ஸ்கூட்லயும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்லயும் 2025 ஏப்ரல் 1லருந்து ஃப்ளைட்டுக்குள்ள அதுல சார்ஜ் போட விடுறதில்ல, வீட்லயே போனை ஃபுல் சார்ஜ் பண்ணிட்டு கெளம்புங்க.

தேவகோட்டை_கேஎல்:
பள்ளத்தூர்லருந்துன்னா யோசிக்கவே வேணாம், திருச்சிதான். ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டு மேலயே இருக்கு, திருச்சி டவுனுக்குள்ள நுழைய வேண்டியதே இல்ல, திருமயம் புதுக்கோட்டை தாண்டினா நேரா வாசல்ல போய் எறங்கிக்கலாம். மதுரைன்னா ஊரைச் சுத்திக்கிட்டு அந்தாண்ட அவனியாபுரம் பக்கம் போகணும். அதோட சிங்கப்பூர் கோலாலம்பூருக்கு திருச்சியில இருக்குற அளவுக்கு ஃப்ளைட் மதுரையில கிடையாது. நான் தேவகோட்டையில இருந்துக்கிட்டே திருச்சிக்குத்தான் போறேன். 2024 ஜூன்லருந்து புது டெர்மினல் ஓடுது, பழசுல வழியனுப்ப வந்த சனம் வாசல்ல நெருக்கிக்கிட்டு நிக்கும், இப்ப நல்லா விசாலமா இருக்கு, வயசானவுகளைக் கூட்டிட்டு வந்தாலும் சிரமம் இல்ல.

சாப்பாட்டு விஷயம் ஒண்ணு சொல்றேன். பட்ஜெட் ஃப்ளைட்ல வெளிச்சாப்பாடு சாப்பிட விடமாட்டாங்க, அவுக விக்கிறதும் வாய்க்கு வெளங்காது. அது சமையல்காரன் குத்தம் மட்டும் இல்லண்ணே, மேல போனா கேபினுக்குள்ள காத்தழுத்தம் 6000, 8000 அடி மலை மேல இருக்குற மாதிரி கொறைஞ்சுரும், காத்துல ஈரமும் இருக்காது, மூக்கு காய்ஞ்சு போயி உப்பும் இனிப்பும் நாக்குல சரியா ஏறாது. நான் வீட்ல கட்டிக் குடுக்குற புளிச்சோறை செக்கின் முடிச்சுட்டு டெர்மினல்லயே உக்காந்து சாப்ட்டுருவேன், அந்த ருசியோட ஏறுனா எறங்குற வரைக்கும் வேற எதுவும் வேண்டியதில்ல.

சிங்கப்பூர் அரைவல் கார்டை மறந்துராதீங்க, போய்ச் சேர்ற நாளையும் சேத்து மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், காசு கிடையாது, காசு கேக்குற வெப்சைட் எதுவா இருந்தாலும் உடனே மூடிருங்க. எங்க மலேசியாவுக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு.

கானாடுகாத்தான்_ஆச்சி:
தம்பி, நான் பறக்குற ஆள் இல்ல, கட்டிக் குடுக்குற ஆளு. எங்க வீட்ல அவுகளும் மகனும் மாத்தி மாத்தி போய்வந்துக்கிட்டேதான் இருக்காக, அதனால சொல்றேன்.

சீப்பு சீடையை சூடு சுத்தமா ஆறுன பெறகுதான் டின்ல அடைக்கணும், கொஞ்சம் சூடு இருந்தாலும் உள்ள வேர்த்து நமத்துப் போயிரும். டின்னு விளிம்பு வரைக்கும் நெறையணும், எடம் மிச்சம் இருந்தா ஒண்ணோட ஒண்ணு மோதி ஒடையும், மிச்சத்துல டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வச்சு மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, பெட்டிக்கு நடுவுல வேட்டி துண்டு மேலயும் கீழயும் இருக்குற மாதிரி வைங்க. மனகோலம் பாக்கெட்ல போகலாம், ஆனா காத்து அடைச்சுக் கட்டாதீக, மேல போகப் போக உப்பி வாய் பிரிஞ்சுக்கும். உள்ள இருக்குற காத்தைக் கையால அமுக்கி எடுத்துட்டுக் கட்டணும்.

இழை மாவுன்னா பச்சரிசி மாவை மட்டும் நல்லாக் காய்ஞ்ச டப்பாவுல கொண்டு போங்க. நெய்யும் வெல்லமும் அங்க செராங்கூன் ரோட்டுல வாங்கி நோன்பன்னிக்கு பெசைஞ்சுக்கிறலாம். திருக்கார்த்திகையிலருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுற நேரம் பாத்துக்குங்க. 21 நூல் திரியை அப்பத்தா கையாலயே திரிச்சு வாங்கிட்டுப் போங்க, அது வெயிட்டே கிடையாது. அங்கயும் நகரத்தார் ஒண்ணாக் கூடித்தான் இழை எடுத்துக்கிறாக, தனியா இருக்கோமேன்னு நெனைக்காதீக.

இன்னொண்ணு. எங்க அய்யா காலத்துல கொண்டுவிக்க, அதான் கடல் கடந்து யாவாரம் பண்ணப் போனவுக நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்கு போய்ச் சேர நாள்க்கணக்காகும், டிரங்குப் பெட்டி நெறைய வத்தலும் ஊறுகாயும் போகும், யாரும் எடுத்து வைனு சொல்ல மாட்டாக. உங்க அப்பத்தாவும் அந்தக் கையைப் பாத்து வளந்தவுகதானே, அவுகளுக்கு இந்தக் கிலோக் கணக்கு எப்படித் தெரியும். கெளம்புற அன்னிக்குப் பிரிச்சு எடுக்குறதை விட்டுட்டு, ரெண்டு நாள் முன்னாடியே உங்க துணிமணியைக் கட்டி எடை போட்டுட்டு, "அப்பத்தா, மிச்சம் எட்டுக் கிலோ உங்களுக்கு, நீங்க என்ன வச்சாலும் சரி"ன்னு சொல்லித் தராசை அவுக கையில குடுத்துருங்க. எதை வைக்கணும், எதை விடணும்னு அவுகளே முடிவு பண்ணுவாக. எங்க மாமியாவுக்கு நாங்க அப்படித்தான் செஞ்சோம், அதுக்கப்பறம் எங்க வீட்ல பெட்டி கட்டுற அன்னிக்கு ஒரு சத்தம் இல்ல.

புதுவயல்_துபாய்:
ஆச்சி சொன்னதுதான் சரி, எட்டுக் கிலோ ஐடியா அருமை, நான் எங்க ஆத்தாவுக்குச் செய்யப் போறேன்.

நடுவுல என் ஆதங்கம் ஒண்ணு. செட்டிநாடு கால்நடைப் பண்ணையில ரெண்டாம் உலகப்போர் சமயத்துல போட்ட ரன்வே இன்னும் கெடக்கு, அதைத் திறந்து சின்ன ஃப்ளைட்டாவது விட்டா சென்னைக்குப் போய்த்தான் துபாய் ஃப்ளைட் பிடிக்கணும்னு இருக்குறவுகளுக்கு எவ்வளவு உதவியா இருக்கும். திருச்சி ரன்வேயும் 2480 மீட்டர்தான், அதை நீட்டுனா பெரிய விமானம் எறங்கலாம், வெயிட்டும் கூடக் கெடைக்கும்.

பள்ளத்தூர்_பையன்:
ஆச்சி, ரொம்ப நன்றி, படிச்ச உடனே போய் துணியை எடை போட்டாச்சு. மிச்சம் எட்டுக் கிலோ இல்ல, ஒம்போது வருது, அதையும் அப்பத்தாகிட்ட சொல்லிட்டேன், இப்பவே ஆத்தாவைக் கூப்ட்டு கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாக. கசகசா மேட்டர் சொன்ன செராங்கூன் அண்ணனுக்குத் தனி நன்றி, பொடி நாளைக்குத்தான் அரைக்கிறதா இருந்தது. கேஎல் அண்ணே, ராத்திரி ஃப்ளைட்டு, வழியில டீக்கு எங்க நிறுத்துறது? அப்பச்சியும் கூட வர்றாக, அவுகளுக்கு நடுவுல ஒரு டீ வேணும்.

தேவகோட்டை_கேஎல்:
புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் போங்க தம்பி, அங்க ராத்திரியில எப்பவும் ஏதாச்சும் ஒரு கடை திறந்திருக்கும். ஏர்போர்ட்ல போய்க் குடிச்சுக்கலாம்னு விட்டுறாதீங்க, அப்பச்சியை உள்ள விடமாட்டாங்க.